ஏழை மாணாக்கரும் அந்நிய பாஷைகளும்

மேனிலைப் பள்ளிப் பரீட்சையின் முடிவுகள் வெளியாகும் ஒவ்வொரு கோடையிலும் கடலூர் முதுநகரிலும் சிதம்பரத்திலும் வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி எழுகிறது. "பிள்ளையை எந்தக் கலாசாலையில் சேர்ப்பது?" என்பதே அக்கேள்வி. இஞ்சினீயரிங்குக்கும் வைத்தியத்துக்கும் வழி சொல்லத் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கின்றனர். ஆனால், துறைமுகத்து மீன் வியாபாரியின் மகனோ, குறிஞ்சிப்பாடி நெசவாளியின் மகளோ, "நான் பிரெஞ்சு படிக்க விரும்புகிறேன், ஜப்பானிய பாஷை கற்க விரும்புகிறேன்" என்று சொல்லிவிட்டால் வீட்டார் திகைத்துப் போகின்றனர். எங்கே கற்பது, என்ன செலவாகும், கற்றபின் என்ன செய்வது என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. ஆளில்லாத இடத்தில் விளம்பரப் பலகைகள் பேசுகின்றன. கையிலிருக்கும் சொற்பப் பணமும் அவற்றின் வாய்க்கே போய்விடுகிறது. ஆகையால் இவ்விஷயத்தைக் குறித்து நமது அபிப்பிராயத்தை விரிவாகச் சொல்ல வேண்டியது கடமையென்று கருதுகிறோம்.

முதலில் ஓர் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லிவிடுவோம். தாய்மொழிக்கே போராடிக் கொண்டிருக்கும் நாட்டில் அந்நிய பாஷைகள் எதற்கு என்று தேசாபிமானிகள் சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கு நமது கடற்கரையே பதில் சொல்லும். 1690-இல் இங்கிலீஷ் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். அதற்கு வடக்கே புதுவையில் பிரெஞ்சுக்காரர், தெற்கே பரங்கிப்பேட்டையில் போர்த்துகீசியர், கொள்ளிடத்துக்கு அப்பால் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் என்று வரிசையாக வந்து இறங்கினர். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, கரையில் கால் வைத்தவுடன் செய்த முதற்காரியம் தமிழ் கற்றதுதான். வந்தவர்கள் நம் பாஷையைக் கற்றார்கள். கற்க இயலாதவர்கள் நம்மவரில் இரண்டு பாஷை அறிந்தவர்களைத் துபாஷிகளாக அமர்த்திக் கொண்டார்கள். டூப்ளே துரையின் ஆட்சியில் தலைமைத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை அவர்களில் பிரசித்தமானவர். வர்த்தகமும், சமாதானமும், சண்டையும் துபாஷியின் நாவைக் கடந்தே நடந்தன.

அன்று துபாஷி அந்நியருக்கு வேண்டியிருந்தார். இன்று சுதந்திர தேசத்தின் பிரஜைகளாகிய நமக்கே வேண்டியிருக்கிறார். வித்தியாசம் அவ்வளவுதான். வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்பு நாடிச் செல்லும் நம் ஜில்லாவாசிகள் தாங்கள் வாசிக்க இயலாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். அரபு நாடுகள் பலவற்றில் வழக்கென்று வந்தால் அரபிப் பிரதியே செல்லும்; ஏஜெண்டு வாயால் சொன்னது செல்லாது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் கொரியர்களும் ஜப்பானியர்களும் தொழிற்சாலை நடத்துகிறார்கள். அங்கே மேஜைக்கு அப்பால் இருப்பவர் பேசுவது நமக்குப் புரியாமலும், நாம் பேசுவது அவருக்கு மட்டும் புரிந்தும் இருந்தால் பேரம் யார் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. பாஷை தெரியாதவன் பிறருடைய தயவில் வாழ்கிறான். தயவில் வாழ்வது சுதந்திரமாகாது. ஆதலால், அந்நிய பாஷைப் பயிற்சியைப் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் அலங்காரமாக விட்டுவிடுதல் தேசத்துக்கு நஷ்டம்.

பாரதியாரை விடச் சிறந்த தேசபக்தர் ஒருவரை நாம் உதாரணம் காட்ட வேண்டியதில்லை. 1908-இல் புதுவைக்குச் சென்று பத்தாண்டு வாழ்ந்த காலத்தில் அவர் பிரெஞ்சு பாஷையைப் பயின்றார். அதனால் அவருடைய தமிழ் குறைந்துவிடவில்லை. 1918 நவம்பரில் அவர் புதுவை எல்லையைத் தாண்டி வந்தபோது இங்கிலீஷ் சர்க்கார் அவரைக் கைது செய்து வைத்த இடம் நமது கடலூர்ச் சிறைச்சாலை. அந்த எல்லையைப் பற்றிப் பின்னர் இன்னொரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். பொருள் வசதியற்ற குடும்பத்தார் கலாசாலையைத் தேர்ந்தெடுக்கும்போது செய்யும் பெரும் பிசகு, சம்பளத்தை மட்டும் விசாரிப்பது. மாணாக்கன் கலாசாலைக்குக் கட்டும் சம்பளம் மொத்தச் செலவில் ஒரு பகுதியே. வெளியூரில் தங்குவதற்கும் உணவுக்கும் மாதம் 6,000 ரூபாய் ஆகிறதென்று வைத்துக் கொள்வோம். வருஷத்துக்குப் பத்து மாதமானால் 60,000. மூன்று வருஷத்துக்கு 1,80,000. சம்பளமே இல்லாத கலாசாலையானாலும் இந்தத் தொகை போகத்தான் போகும். எனவே, வீட்டிலிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ போய்வரக் கூடிய கலாசாலைக்கும், தங்கிப் படிக்க வேண்டிய கலாசாலைக்கும் உள்ள தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கக் கூடாது; ரூபாயில் அளக்க வேண்டும்.

அவ்வாறு அளந்து பார்த்தால் கடலூர் மாணாக்கனுக்குப் புதுவையே மிகவும் அருகில் இருக்கிறது. ஏறக்குறைய 25 கிலோமீட்டர். நேர் ரயில் பாதை இல்லையாயினும் பஸ் வசதி ஏராளம். தென்னாட்டில் பிரெஞ்சு பாஷைக்குப் புதுவையைப் போன்ற ஸ்தலம் வேறில்லை. டாகூர் அரசுக் கலைக் கல்லூரியிலும், பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரியிலும் பிரெஞ்சில் பி.ஏ. படிக்கலாம், காலாப்பட்டில் 1985-இல் ஏற்பட்ட மத்திய சர்வகலாசாலையில் எம்.ஏ. படிக்கலாம். 1889-இல் தோன்றிய அலியான்ஸ் பிரான்சேஸ் பட்டத்துக்கு அன்றிப் பேச்சுக்கும் எழுத்துக்கும் படிப்படியாகப் பயிற்சி தருகிறது. ஆனால் இங்கேதான் அந்தப் பழைய எல்லை மீண்டும் குறுக்கே நிற்கிறது. புதுவை சர்க்காரின் கலாசாலைகளில் இடம் தரும்போது அப்பிரதேசத்துக் குடிகளுக்கே முன்னுரிமை. இது அவர்களுடைய நியாயமான உரிமை. நாம் குறை சொல்லவில்லை. எனினும், 1954-இல் பிரெஞ்சுக்காரர் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுச் சென்ற பிறகும், பெண்ணையாற்றுக்கு இந்தக் கரையில் பிறந்த குற்றத்துக்காக நம் மாணாக்கன் வாயிற்படியிலேயே காத்திருக்க நேருகிறது என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. அவனுக்குத் தங்குதடையின்றித் திறந்திருக்கும் கதவு, பணம் கட்டிப் படிக்கும் வகுப்பின் கதவே.

சென்னையில் லயோலா கலாசாலையில் பிரெஞ்சு இலக்கியத்தில் பட்டம் பெறலாம். சென்னை சர்வகலாசாலையில் பிரெஞ்சுக்கும் பிற அந்நிய பாஷைகளுக்கும் தனித்துறை இருக்கிறது. ஜெர்மனுக்கு மாக்ஸ்முல்லர் பவனும், ஜப்பானிய பாஷைக்கு ஏ.பி.கே. ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் சங்கமும், கொரிய பாஷைக்கு இன்கோ மையமும் அங்கே உள்ளன. இவை நல்ல ஸ்தாபனங்கள். ஆனால் சென்னையில் தங்கும் செலவு முதுநகர்க் குடும்பத்துக்குப் பெரும் பாரம். அங்கே உறவினர் வீடோ, சர்க்கார் விடுதியோ கிடைத்தாலொழிய அந்தப் பக்கம் போக நாம் யோசனை சொல்ல மாட்டோம்.

வியப்பாகத் தோன்றினும், தூரத்திலுள்ள சில ஸ்தாபனங்கள் அருகிலுள்ளவற்றை விட மலிவாக முடிகின்றன. டில்லி ஜவஹர்லால் நேரு சர்வகலாசாலையில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ரஷ்யன், சீனம், ஜப்பானியம், கொரியம், அரபி முதலிய பாஷைகளில் பி.ஏ. ஆனர்ஸ் வகுப்புகள் நடைபெறுகின்றன. அங்கே கல்விச் சம்பளம் வருஷத்துக்குச் சில நூறு ரூபாயே. 2019-இல் விடுதிக் கட்டணத்தை உயர்த்த முற்பட்டபோது அம்மாணாக்கர் வீதிக்கு வந்து கிளர்ச்சி செய்தது ஏனென்று இப்போது விளங்கும். அந்த மலிவே ஏழைகளை அங்கே கொண்டு சேர்க்கிறது. ஹைதராபாத்தில் 1958-இல் இங்கிலீஷுக்கென்று ஏற்பட்டு, 2007-இல் மத்திய சர்வகலாசாலையான இங்கிலீஷ் மற்றும் அந்நிய பாஷைகள் சர்வகலாசாலையும் இத்தகையதே. ரவீந்திரநாதர் சாந்திநிகேதனத்தில் 1937-இலேயே சீன பவனத்தைத் தொடங்கினார். அடிமை நாளிலேயே அண்டை நாட்டாரின் பாஷையைக் கற்க ஏற்பாடு செய்த அந்தத் தீர்க்கதரிசனத்தை நம் கலாசாலைகள் இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை.

இந்த மத்திய சர்வகலாசாலைகளுக்குச் செல்லும் வழியில் ஒரு தடை உண்டு. ஜவஹர்லால் நேரு சர்வகலாசாலை முதலியவற்றில் 2022 முதல் பொது நுழைவுப் பரீட்சை மூலமாகவே பி.ஏ. இடங்கள் நிரப்பப்படுகின்றன. விண்ணப்பம் பள்ளிப் பரீட்சைக்கு முன்னரே கேட்கப்படுகிறது. சர்க்கார் பள்ளி மாணாக்கர் பலர் முடிவு வெளியான பிறகே மேற்படிப்பைப் பற்றி யோசிக்கிறார்கள். அப்போது கதவு சாத்தியாகிவிடுகிறது. பணமில்லாமையால் இழக்கும் இடங்களை விடத் தகவல் இல்லாமையால் இழக்கும் இடங்கள் அதிகமோ என்று ஐயுறுகிறோம். தேசத் தொண்டு செய்ய விரும்பும் நம் வாலிபர்கள் தை மாதத்திலேயே பள்ளிகளுக்குச் சென்று இந்த ஒரு செய்தியைச் சொன்னால், அது பத்துப் பொதுக்கூட்டங்களுக்குச் சமானம்.

எந்தப் பாஷையைக் கற்பது என்பது அடுத்த கேள்வி. இதில் மோகத்துக்கு இடங்கொடுக்கலாகாது. காலத்தையும் பயனையும் சீர்தூக்க வேண்டும். இங்கிலீஷ் அறிந்தவர்கள் தேர்ச்சி பெற எவ்வளவு காலம் ஆகுமென்று அமெரிக்க வெளிநாட்டு இலாகாவின் பயிற்சிப் பள்ளி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பிரெஞ்சுக்கும் ஸ்பானிஷுக்கும் சுமார் 600 முதல் 750 மணி. அரபி, சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றுக்கு 2,200 மணி. தமிழ் மாணாக்கனுக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. ஜப்பானிய, கொரிய பாஷைகளில் வாக்கியத்தின் பயனிலை தமிழில் வருவது போலவே கடைசியில் வருகிறது. வேற்றுமை உருபுகளும் பெயருக்குப் பின்னரே ஒட்டுகின்றன. இங்கிலீஷ்காரன் தலைகீழாக நின்று கற்பதை நம் பிள்ளை நேராக நின்று கற்கலாம். ஆயினும் ஜப்பானிய எழுத்தின் பாரம் எல்லோருக்கும் பொதுவே. அரபிக்கு நம் ஜில்லாவில் அஸ்திவாரம் ஏற்கெனவே இருக்கிறது. லால்பேட்டை மன்பவுல் அன்வார் அரபிக் கலாசாலையின் பெயர் தென்னாடெங்கும் தெரிந்தது. அத்தகைய கல்வியோடு இக்காலத்து அரபியும் வர்த்தக அரபியும் சேர்ந்தால் எத்தனையோ குடும்பங்களுக்குப் பாதுகாப்பாகும்.

பாஷையைத் தேர்ந்தபின் அதில் எட்ட வேண்டிய படியையும் அறிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பிய பாஷைகளில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள் உண்டு. ஏ1 என்பது பெயரும் ஊரும் சொல்லும் அளவு. பி2-வை அடைந்தால்தான் வேலைக்கு உதவும். ஜெர்மனிக்கு நர்ஸாகச் செல்வோரிடம் பொதுவாக அதையே எதிர்பார்க்கிறார்கள். ஜப்பானிய பாஷையில் என்5 அடிப்படி, என்1 உச்சி. தனித்திறன் தொழிலாளராக அந்நாட்டுக்குச் செல்ல என்4 வேண்டும். மொழிபெயர்ப்பு வேலைக்கு அதைக் காட்டிலும் வெகு மேலே ஏற வேண்டும். இந்தப் படிகளின் பரீட்சைச் சான்று உலகெங்கும் செல்லுபடியாகும். அதைத் தரும் கலாசாலை பெரிதா சிறிதா என்று யாரும் கேட்பதில்லை. ஏழை மாணாக்கனுக்கு இது எவ்வளவு பெரிய அநுகூலம்! அவன் பணம் கொடுத்துக் கலாசாலையின் பெயரை வாங்க வேண்டியதில்லை. பாஷையை வாங்கினால் போதும்.

இவ்விடத்தில் இரண்டு எச்சரிக்கைகள் செய்ய விரும்புகிறோம். மூன்று மாதத்தில் ஜெர்மன், வேலைக்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்யும் வகுப்புகளை நம்பி நகையை அடகு வைக்க வேண்டாம். உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். கேட்டவுடன் அது கரைந்துவிடுவதைக் காண்பீர்கள். இரண்டாவது எச்சரிக்கை வசதியுள்ள வீட்டாருக்கு. மார்க்கு அதிகம் வருமென்று பள்ளியிலும் கலாசாலையிலும் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சை எடுக்கும் வழக்கம் நகரங்களில் பரவியிருக்கிறது. அவ்வாறு எடுத்தவர்களில் பலருக்குப் பரீட்சை முடிந்தவுடன் பிரெஞ்சு மறந்துவிடுகிறது. தமிழோ முன்னமே போய்விட்டது. துபாஷி என்றால் இரண்டு பாஷை அறிந்தவன் என்று பொருள். ஒரு பாஷையும் சரிவர அறியாதவனை என்னவென்று அழைப்பது? ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சுக்காரரிடம் ஊழியம் செய்தார். ஆனால் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பைத் தமிழிலேயே எழுதினார். இன்று சரித்திர ஆசிரியர்கள் அவரை நாடுவது அந்தத் தமிழ்க் குறிப்புகளுக்காகவே.

ஆக, சொற்பப் பொருளுள்ள குடும்பத்துக்கு நாம் கூறும் யோசனை இதுவே. முதலாவது, செலவில்லாமல் தொடங்கிப் பாருங்கள். ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் ஜெர்மன், ஜப்பானிய பாஷைகளில் நடத்தும் பாடங்கள் ஸ்வயம் என்ற சர்க்கார் இணையத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பரீட்சை எழுதினால் மட்டுமே கட்டணம். இந்திரா காந்தி திறந்தவெளி சர்வகலாசாலை தபால் வழியில் சில பாஷைகளுக்குச் சான்றிதழ் வகுப்பு நடத்துகிறது. ஆறு மாதம் பயின்று பார்த்தால் ஆசை உண்மையானதா என்பது வெளியாகிவிடும். இரண்டாவது, ஆசை உறுதியானால் மத்திய சர்வகலாசாலைகளின் நுழைவுப் பரீட்சைக்கு உரிய காலத்தில் விண்ணப்பியுங்கள்; விடுதி இடம் கிடைக்குமா என்பதை முதலில் விசாரியுங்கள். மூன்றாவது, அது கைகூடாவிடில் மனம் தளர வேண்டாம். தேவனாம்பட்டினத்துப் பெரியார் அரசுக் கலைக் கல்லூரியைப் போல் பயிற்சிச் சம்பளம் வாங்காத சர்க்கார் கலாசாலையில், வீட்டிலிருந்தபடியே வரலாறோ வணிகமோ இங்கிலீஷோ படித்துக் கொண்டு, மிச்சமாகும் பணத்தை வார இறுதி பாஷை வகுப்புக்கும் படிப் பரீட்சைகளுக்கும் செலவிடுங்கள். மூன்று வருஷத்தில் ஒரு பட்டமும், பி1 அல்லது பி2 சான்றும் கையிலிருக்கும். வணிகமும் பிரெஞ்சும் அறிந்தவனுக்கு, பிரெஞ்சு மட்டும் அறிந்தவனைக் காட்டிலும் வேலை எளிதில் கிடைக்கும்.

எந்தக் கலாசாலையானாலும் சேருமுன் சில கேள்விகளைத் தைரியமாகக் கேட்க வேண்டும். பாஷை முதன்மைப் பாடமா, துணைப்பாடமா? வாரத்துக்கு எத்தனை மணி? நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர்? சென்ற வருஷம் தேறியவர்கள் எந்தப் படியை எட்டினார்கள்? நமது உபகாரச் சம்பளம் அந்த ராஜ்யத்தில் படித்தாலும் கிடைக்குமா? கட்டடத்தின் உயரத்தைக் கண்டு மயங்குகிறவர்கள் இக்கேள்விகளைக் கேட்பதில்லை, கேட்டவர்கள் ஏமாறுவதில்லை.

இவ்வளவும் தனிமனிதர் செய்துகொள்ளக் கூடிய ஏற்பாடு. சர்க்காரின் கடமை வேறு. ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் தொடங்கிய மீனாட்சி கலாசாலை, 1929-இல் சர்வகலாசாலையாக வளர்ந்தது. 2013-இல் தமிழக சர்க்கார் அதன் நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக் கொண்டது. இப்போது அது பொதுஜனங்களின் சொத்து. அங்கே மொழியியல் துறைக்கு நாடறிந்த கீர்த்தி உண்டு, பாஷைகளைக் கற்பிக்கும் முறையை அறிந்த அறிஞர்கள் உண்டு, விடுதிகள் உண்டு. அந்த அஸ்திவாரத்தின் மீது அரபி, பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம் ஆகியவற்றுக்கு முழுப் பயிற்சி தரும் ஒரு பாஷைப் பள்ளியை எழுப்பினால், தென்னாற்காட்டுப் பகுதி முழுவதற்கும் அது உபகாரமாகும். முதுநகரில் அதன் மாலை வகுப்புக் கிளை ஒன்று நடக்கட்டும். பகலில் துறைமுகத்தில் கூலி வேலை செய்யும் வாலிபனும், கடல்கடந்து போகக் காத்திருக்கும் தொழிலாளியும் அங்கே வந்து, தான் கையெழுத்திடப் போகும் காகிதத்தையாவது வாசிக்கக் கற்கட்டும். புதுவை சர்க்காரோடு பேசி, பக்கத்து ஜில்லா மாணாக்கருக்குச் சில இடங்களைப் பரிவர்த்தனையாகப் பெறுவதும் அசாத்தியமன்று. அவர்கள் பிள்ளைகளுக்கு இங்கே மொழியியலில் இடம் தருவோம்.

இதற்கு ஆகும் செலவு அதிகமென்று சொல்வார்கள். பாஷை தெரியாமல் நம் ஜனங்கள் ஏஜெண்டுகளிடமும் தரகர்களிடமும் வருஷந்தோறும் இழக்கும் பணத்தை ஒரு பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு அவர்கள் சொல்லட்டும். அந்நியர் நம்மோடு பேச நாம் துபாஷிகளைக் கொடுத்த கரை இது. நம் ஜனங்கள் உலகத்தோடு சரிசமானமாகப் பேச அதே கரை இன்று துபாஷிகளைத் தர வேண்டும். ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர்களும், சர்வகலாசாலை நிர்வாகிகளும் இதைக் கவனிப்பார்களென்று நம்புகிறோம். கவனிக்கும் வரை நம் வாசகர்கள் அவர்களைச் சும்மா விடலாகாது.